நிற்காத வண்டி

உங்கள் கையில் முப்பதாயிரம் ரூபாய் இருக்கிறது. வாசலில் ஒரு பழைய வேன் நிற்கிறது. முதலில் எதைச் செய்வீர்கள்?

அவசரப்படாதீர்கள். கொஞ்சம் விவரம் சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் ஓசூரில் இன்ஜினீயரிங் கடைசி வருஷம் படிக்கிற பையன் என்று வைத்துக்கொள்வோம். மத்திகிரியில் நாலு பேர் சேர்ந்து வீடு எடுத்துத் தங்கியிருக்கிறீர்கள். பையன்கள் கற்பனை. ஊர் கற்பனை இல்லை. 1824-ல் வெள்ளைக்காரர்கள் ராணுவத்துக்குக் குதிரை வளர்க்கத் தொடங்கிய பண்ணை மத்திகிரியில்தான் இருக்கிறது. இன்றைக்கு அது அரசு கால்நடைப் பண்ணை. அந்தப் பக்கம் புல்லும் மாடுமாக இருக்கும். இந்தப் பக்கம் வந்தால் சிப்காட். லாரி, மொபெட், கைக்கடிகாரம் என்று சகலமும் செய்கிற ஊர். 1980-ல் டி.வி.எஸ். 50 பிறந்தது ஓசூரில்தான். லேத், வெல்டிங், டிங்கரிங் ஷெட்டுக்கெல்லாம் பஞ்சமில்லை. இப்படி ஒரு ஊரில் இருந்துகொண்டு, பழைய வண்டி ஒன்று மலிவாகக் கிடைத்தால் கை சும்மா இருக்குமா?

வண்டி, 2003 மாடல் மாருதி ஆம்னி. 1984-ல் அறிமுகமாகி 2019-ல் தயாரிப்பு நின்றுபோன அதே வேன்தான். பள்ளிக்கூடப் பிள்ளைகளை அடைத்துக்கொண்டு போகும், ஆம்புலன்ஸாகும், காய்கறி ஏற்றும். சினிமாவில் கதாநாயகியைக் கடத்துவதற்கும் அதுதான் வரும்! நாலு பேரும் காசு போட்டு வாங்கிவிட்டீர்கள். பின் சீட்டை மடக்கி மெத்தை போட வேண்டும், ஜன்னலுக்குத் திரை, ஒரு சின்ன காஸ் அடுப்பு. பரீட்சை முடிந்ததும் தனுஷ்கோடி வரை ஒரு ரவுண்டு. ராத்திரி வண்டியிலேயே தூக்கம். லாட்ஜ் வாடகை மிச்சம்.

ஆசை அழகானதுதான். அந்த வயசில் செய்யாமல் வேறு எப்போது செய்வது?

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். முப்பதாயிரத்தை எதில் போடுவீர்கள்?

உண்மையைச் சொல்லுங்கள்... பெயின்ட்தானே! நாலு பேர் பார்த்து, "மச்சி, செம வண்டிடா!" என்று சொல்ல வேண்டாமா? டிங்கரிங், பட்டி, பெயின்ட் என்று இறங்கினால் பாதிக்கு மேல் அதிலேயே போய்விடும். அப்புறம் ஸ்பீக்கர், சீட் கவர். கடைசியில் மிச்சமிருக்கிற ஆயிரத்து ஐந்நூறு ரூபாயோடு மெக்கானிக்கிடம் போய் நின்று, "பிரேக்கை மட்டும் சும்மா ஒரு பார்வை பார்த்துடுங்கண்ணே" என்போம்.

வருஷக்கணக்கில் கையில் கிரீஸ் பட்ட எந்த மெக்கானிக்கும் அப்போது சொல்லக்கூடிய பதில் ஒன்றுதான். "ஓடாத வண்டியால யாருக்கும் ஆபத்தில்ல தம்பி. நிக்காத வண்டிதான் ஆபத்து."

இதை அவர் தொழில் விஷயமாகச் சொல்லியிருக்கலாம். எனக்கென்னவோ இதில் பெரிய அறநெறி ஒன்று ஒளிந்திருப்பதாகப் படுகிறது.

பிரேக் ஆயில் என்று ஒன்று இருக்கிறது. வண்டி சும்மா நின்றாலும், அது காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல இழுத்துக்கொள்ளும். வருஷக்கணக்கில் மாற்றாத ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கும். ஊருக்குள் ஓட்டும்போது ஒரு வித்தியாசமும் தெரியாது. நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறும். ஆயிலில் இருக்கிற தண்ணீர் ஆவியாகும். அப்புறம் பெடலை மிதித்தால், காற்றடைத்த பையை மிதித்ததுபோல அது உள்ளே போகும். வண்டி நிற்காது.

அப்படி ஒரு இறக்கம் உங்கள் வழியிலேயே இருக்கிறது. மத்திகிரியில் கிளம்பி, கிருஷ்ணகிரி, தர்மபுரி தாண்டிச் சேலத்துக்குப் போகும் வழியில் தொப்பூர் கணவாய். அடிக்கடி பேப்பரில் வருகிற பெயர். பிரேக் பிடிக்காத லாரி, முன்னால் போகிற வண்டிகளை வரிசையாக இடித்துத் தள்ளிய செய்தியைப் படித்திருப்பீர்கள். டீசலை மிச்சம் பிடிக்கலாம் என்று வண்டியை நியூட்ரலில் உருட்டிக்கொண்டு இறங்குவதும் அங்கே விபத்துகளுக்கு ஒரு காரணம். கியரில் இறங்கினால் இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். நியூட்ரலில் விட்டால் மொத்த பாரமும் பிரேக் மேல். மிச்சமானது கொஞ்சம் டீசல். அதற்குக் கொடுத்த விலை, எதிரில் வந்த யாரோ ஒருவரின் உயிர்.

இங்கேதான் தர்ம சங்கடமான கேள்வி வருகிறது.

"சார், நாங்க ஸ்டூடன்ட்ஸ். எங்ககிட்ட இருக்கறதே இவ்வளவுதான். காசு உள்ளவன்தான் வண்டி ஓட்டணுமா? நம்ம ஊர்ல எல்லாமே அட்ஜஸ்ட்மென்ட்தானே?"

நியாயமான கேள்வி. இதை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. காசில்லாதது குற்றமில்லை. உடைந்ததைத் தூக்கிப் போடாமல் ஒட்டவைத்துப் பிழைப்பதும் குற்றமில்லை. அது ஒரு நல்ல குணம். காயலான் கடையில் தேடி ஒரு கதவு, பெங்களூர் சிவாஜி நகர் பழைய பார்ட்ஸ் மார்க்கெட்டில் பேரம் பேசி ஒரு கண்ணாடி என்று வண்டிக்கு உயிர் கொடுக்கிறவனை நான் கும்பிடுவேன். புதுசு வாங்கக் காசிருக்கிறவனுக்குக் கிடைக்காத படிப்பு அது.

ஆனால், அட்ஜஸ்ட்மென்ட்டில் இரண்டு ஜாதி உண்டு.

ஒன்று, நீங்கள் கஷ்டப்படுகிற அட்ஜஸ்ட்மென்ட். ஏ.சி. கிடையாது, வேர்க்கும். சீட் கிழிசல், குத்தும். ஒரு கதவு வெள்ளை, ஒரு கதவு நீலம், பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டுமே! அந்தக் கஷ்டம் மொத்தமும் உங்களோடு முடிந்துபோகிறது.

இன்னொன்று, அடுத்தவர் கஷ்டப்படுகிற அட்ஜஸ்ட்மென்ட். தேய்ந்த பிரேக் லைனிங். பட்டன் நன்றாக இருக்கிறதே என்று நம்பி ஓட்டுகிற, ரப்பர் இறுகி வெடிப்பு விட்ட பழைய டயர். துருப்பிடித்த சேஸிஸ் மேல் தகரத்தை வைத்து, பட்டி தேய்த்து, பெயின்ட் அடித்து மறைப்பது. இதில் மிச்சம் பிடித்த காசு உங்கள் பாக்கெட்டில் இருக்கிறது. ஆபத்து மட்டும் ஊருக்குப் பொது.

உங்கள் உயிரைப் பணயம் வைக்க உங்களுக்கு உரிமை உண்டா என்பதே பெரிய சர்ச்சை. அதை விடுங்கள். பின்னால் மெத்தையில் தூங்குகிற நண்பனைக் கேட்டீர்களா? தொப்பூரில் முன்னால் மொபெட்டில் பால் கேனோடு போகிறாரே ஒரு பெரியவர், அவரைக் கேட்டீர்களா? "ஐயா, எங்களிடம் காசு குறைவு. பிரேக்குக்குப் பதில் பெயின்ட் அடித்துவிட்டோம். உங்களுக்குச் சம்மதமா?" என்று?

கேட்க மாட்டோம். கேட்டால் என்ன பதில் வரும் என்று நமக்கே தெரியும்.

2024 டிசம்பரில் கேரளத்தில், வடகரையில் சாலையோரம் நின்றிருந்த ஒரு கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். அடிதடி இல்லை, காயம் இல்லை. ஏ.சி.க்காக ஓடிய ஜெனரேட்டரின் புகையிலிருந்த கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்திருக்கிறது. கோழிக்கோடு என்.ஐ.டி. நிபுணர்களை வைத்துப் பரிசோதித்தபோது, வண்டியின் தரைப்பகுதியில் இருந்த ஒரு துளை வழியாக அது வந்ததாகத் தெரியவந்தது. அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூங்குகிறவனை எழுப்பாது.

ஒரு துளை! அதற்கு மேல் விரிப்பு எவ்வளவு அழகாக இருந்து என்ன பிரயோஜனம்? நம் பையன்களின் வேனிலும் காஸ் அடுப்பு வரப்போகிறது, கதவை மூடிக்கொண்டு தூங்கப்போகிறார்கள் என்பதை மறந்துவிடாதீர்கள்.

பெரிய தேரை ஓடவைக்கிற சின்ன அச்சாணியை வள்ளுவர் வினைத்திட்பத்தில் எடுத்துக்காட்டினார். உருவம் பார்த்து மனிதர்களை இகழாதே என்பதற்காகச் சொன்னது. வண்டிக்கும் அது பொருந்தும், செலவுக்கும் பொருந்தும். தேர் அலங்காரத்துக்கு நன்கொடை கொடுக்க ஊரே வரும். அச்சாணிக்கு யார் பெயர் போட்டு நோட்டீஸ் அடிப்பார்கள்?

சட்டமும் தன் பங்குக்குக் கேட்கத்தான் செய்கிறது. பதினைந்து வருஷம் தாண்டிய கார், வேனை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை காட்டிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. இருபது வருஷம் தாண்டியவற்றுக்கு 2025-ல் 10,000 ஆக்கிவிட்டார்கள். நம் 2003 ஆம்னிக்கு முப்பதாயிரத்தில் மூன்றில் ஒரு பங்கு அங்கேயே காலி! கூரையை வெட்டி உயர்த்துவது போல நம் இஷ்டத்துக்கு வண்டியின் அமைப்பை மாற்றவும் முடியாது. கம்பெனி வடிவமைப்பை மீறி மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றமே 2019 ஜனவரியில் சொல்லியிருக்கிறது. படிக்கிற பையனுக்கு இதெல்லாம் வலிக்கும். ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால், சட்டம் வருஷத்தில் ஒரு நாள் பார்க்கும், இல்லாவிட்டால் ஐந்து வருஷத்தில் ஒரு நாள். எஃப்.சி. காட்டுகிற அன்றைக்கு மட்டும் கடன் வாங்கி நல்ல டயர் மாட்டிக்கொண்டு போகிற சாமர்த்தியமும் நம்மிடம் உண்டு. மிச்ச நாட்களில் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்க்க வேண்டியது நம் மனசாட்சிதான்.

அதனால், வரிசை போடுவதற்கு ஒரு சின்ன கேள்வியைச் சொல்கிறேன். ஒவ்வொரு செலவுக்கும் முன்னால் கேட்டுப் பாருங்கள்: "இதைச் செய்யாமல் விட்டால் கஷ்டப்படப்போவது யார்?" பதில், "நான்" என்றால், தள்ளிப்போடலாம். "வேறு யாரோ" என்றால், தள்ளிப்போடவே கூடாது. பிரேக், டயர், ஸ்டீயரிங், விளக்கு, சைலன்ஸரில் கசிவு, காற்று வர வழி. இதெல்லாம் முதலில். மெத்தை அப்புறம். பெயின்ட் கடைசி. காசு தீர்ந்துபோனால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். தனுஷ்கோடி எங்கேயும் ஓடிவிடாது.

இது வேனோடு நிற்கிற விஷயமா, சொல்லுங்கள்? கல்யாணம் வருகிறதென்று வீட்டுக்கு முன்பக்கம் மட்டும் பளபளவென்று பெயின்ட் அடிக்கிறோம். பின்பக்க மாடிப்படிக்குக் கைப்பிடி இல்லாமல் பாட்டி சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறாள். பள்ளிக்கூடத்துக்கு ஆண்டுவிழா மேடை ஜோராக இருக்கிறது. பெண் குழந்தைகளின் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இல்லை. இதற்கெல்லாம் காசு இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. காசு இருந்தது. வரிசைதான் தப்பாகப் போய்விட்டது.

ஒருவருக்கு என்ன வசதி இருக்கிறது என்பதை அவர் வாங்கிய பொருளைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். அவர் எப்படிப்பட்டவர் என்று தெரிய வேண்டுமானால், காசு போதாதபோது எதை முதலில் செய்தார், எதை விட்டார் என்று பார்க்க வேண்டும்.

சரி, நம் பையன்கள் என்ன செய்தார்கள்? அது உங்கள் கையில் இருக்கிறது, கதையே உங்களுடையதுதானே! எனக்கு ஒரு ஆசை. அந்த வேன் ஒரு கதவு வெள்ளையும் ஒரு கதவு நீலமுமாக, பார்க்கவே கொஞ்சம் கோமாளித்தனமாக மத்திகிரியிலிருந்து கிளம்ப வேண்டும். ரோட்டில் திடீரென்று ஒரு கன்றுக்குட்டி குறுக்கே வர வேண்டும்.

வண்டி, சொன்ன இடத்தில் நிற்க வேண்டும்.

கன்றுக்குட்டி நிதானமாக ரோட்டைத் தாண்டிப் போகட்டும். வண்டிக்கு என்ன கலர் என்று அது திரும்பிப் பார்க்கப்போவதில்லை.