நினைவில் நில்லா அழுகை

சென்ற தை மாதத்தில், நம் தெருவில் குடியிருக்கும் இளம் தாய் ஒருத்தி நம்மைக் காண வந்தாள். ஐந்தாம் வகுப்பில் நம்மிடம் பயின்றவள். கணவர் ஜெர்மனியில் பணிபுரிகிறார். ஒன்றரை வயதுப் பெண் குழந்தையுடன் முதன்முறையாக விமானம் ஏற இருந்தாள். விடைபெற்றுச் செல்லவே வந்திருக்கிறாள் என எண்ணினோம். குங்குமம் பெற்றுக்கொண்ட பின்னும் எழாமல் அமர்ந்திருந்தாள். பிறகு, "டீச்சரம்மா, குழந்தைக்குத் தூக்க மருந்து கொடுத்து அழைத்துப் போ என்று எல்லாரும் சொல்கிறார்கள். அழுதால் விமானம் முழுவதும் நம்மையே பார்க்குமாம். கொடுக்கலாமா?" என்று கேட்டாள். நாம் வாய் திறக்குமுன் அவளே தொடர்ந்தாள்: "அதற்கு நினைவா இருக்கப் போகிறது?"

முதல் வினாவிற்கு விடை கூறுதல் எளிது. இரண்டாவது நம்மைப் பல ஆண்டுகளாகப் பின்தொடர்ந்து வருவது. ஏனெனில் அதே சொற்களை 2008ஆம் ஆண்டு நாமே நம் மகளிடம் கூறியிருந்தோம்.

அப்போது மருமகப்பிள்ளை லண்டனில் இருந்தார். தலைப்பேறு தாய்வீட்டில் என்னும் வழக்கப்படி பேத்தி நம் இல்லத்தில் பிறந்து, நம் மடியிலேயே வளர்ந்தாள். தந்தையைக் கண்டு எட்டு மாதங்கள் ஆகியிருந்தன. இரண்டு வயது நிறைய இன்னும் ஒரு மாதம் இருக்கையில் பயணச்சீட்டு வாங்கினோம். இதிலும் ஒரு கணக்கு இருந்தது. இரண்டு வயதிற்குட்பட்ட குழந்தைக்குத் தனி இருக்கை கிடையாது. பெரியவர் கட்டணத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு கொடுத்து மடியில் வைத்துக்கொள்ளலாம். ஒரு மாதம் தாமதித்தால் முழு இருக்கை வாங்க வேண்டும். சிக்கனம் என்று அன்று மகிழ்ந்தோம். ஓடியாடும் பருவத்துக் குழந்தை பத்து மணி நேரத்திற்கும் மேலாக இருவர் மடியில் மாறி மாறிக் கட்டுண்டு கிடக்கப் போகிறது என்பதை அக்கணக்கில் சேர்க்கவில்லை.

மருந்துக் கடைக்காரர் ஒருவர், "வாந்திக்கும் ஆகும், உறக்கமும் வரும்" என்று ஒரு சிறு புட்டி மருந்தைத் தந்தார். மருத்துவரைக் கேட்கத் தோன்றவில்லை. விமானம் விடியற்காலையில் புறப்பட்டது. மேற்கு நோக்கிய பயணமாதலால் பகல் முடிய மறுத்தது. பொழுது சாயுமுன் உண்ணும் வழக்கமுடைய நமக்கு அது வசதியாயிற்று. குழந்தைக்கோ எப்போது உறங்குவது என்றே தெரியாமற் போயிற்று. மூன்று மணி நேரம் சிணுங்கிக் கொண்டிருந்தாள். முன்வரிசைப் பெரியவர் மூன்றாம் முறை திரும்பிப் பார்த்தபோது, மகள் களைத்துக் கண்ணயர்ந்திருந்த வேளையில், கரண்டியில் மருந்தை அளந்து ஊற்றியவர் நாமேதான்.

உறக்கம் வரவில்லை. சில குழந்தைகளுக்கு இவ்வகை மருந்து நேர்மாறாக வேலை செய்யும் என்பதைப் பின்னரே அறிந்தோம். கண்கள் செருக, உடல் மட்டும் துள்ளித் துடித்தது. எவர் கைக்கும் அடங்காமல் நான்கு மணி நேரம் கதறினாள். விமானம் இறங்கத் தொடங்குவதற்குச் சற்று முன்பே துவண்டு உறங்கினாள். "அப்பாடா" என்று பெருமூச்சு விட்டோம். அதுதான் நாம் செய்த இரண்டாவது பிழை.

பறக்கும் விமானத்தினுள் காற்றழுத்தம் ஏறத்தாழ 1,800 முதல் 2,400 மீட்டர் உயரமுள்ள மலைமீது இருப்பதைப் போன்றது. நம் உதகமண்டலத்தில் அமர்ந்திருப்பதாகக் கொள்ளலாம். இறங்கும்போது அவ்வழுத்தம் விரைந்து கூடுகிறது. நடுச்செவியையும் தொண்டையையும் இணைக்கும் மெல்லிய குழல் திறந்தால்தான் செவிப்பறையின் இருபுறமும் அழுத்தம் சமமாகும். விழுங்கும்போதும், கொட்டாவி விடும்போதும், அழும்போதும் அக்குழல் திறக்கிறது. சிறு குழந்தைகளுக்கு அது குறுகலாகவும் படுக்கைவாட்டிலும் அமைந்திருப்பதால் எளிதில் திறப்பதில்லை. உறங்கும் குழந்தை விழுங்குவதும் குறைவு. ஆகவேதான் இறங்குமுன் குழந்தையை எழுப்பி, பாலோ நீரோ பருகத் தரவேண்டும் என்கின்றனர். நாமோ எழுப்ப முயலவில்லை. சக்கரம் தரையைத் தொடுமுன் அவள் காதைப் பிடித்துக்கொண்டு அலறி விழித்தாள். ஊரார் முகம் சுளிப்பார்களே என்று நாம் அஞ்சிய அந்த அழுகையே அவளுக்கு இயற்கை அளித்திருந்த மருந்து. அதைத்தான் கரண்டியால் அடைக்கப் பார்த்தோம்.

இல்லம் சேர்ந்து புட்டியிலிருந்த பெயரை மருமகப்பிள்ளை வாசித்தார். புரோமெத்தசின். இரண்டு வயதிற்குட்பட்ட குழந்தைகளுக்கு அதைக் கொடுக்கவே கூடாது, மூச்சு அடங்கி உயிரும் போகக்கூடும் என அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2004ஆம் ஆண்டிலேயே எச்சரித்திருந்தது. அவர் நம்மை ஒரு சொல்லும் கடிந்துரைக்கவில்லை. அதை நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது.

இனி, "நினைவா இருக்கப் போகிறது" என்னும் அந்த வாக்கியத்திற்கு வருவோம். அது பொய்யன்று. மூன்று வயதிற்கு முற்பட்டவை பெரும்பாலோர்க்கு நினைவில் இருப்பதில்லை. ஆனால் நினைவில் இராதது நேரவே இல்லை என்றாகுமா? இவ்வாறு எண்ணியவர் நாம் மட்டும் அல்லர். பச்சிளங்குழந்தைகளுக்கு அறுவை செய்யும்போது போதிய வலியடக்கும் மருந்து கொடாமலே செய்யும் வழக்கம் மேலை நாட்டு மருத்துவமனைகளில் 1980களிலும் இருந்தது. மருந்தால் ஆபத்து நேரும் என்ற அச்சம் ஒரு காரணம். அவற்றுக்கு வலி தெரியாது, தெரிந்தாலும் நினைவில் நிற்காது என்ற எண்ணம் மற்றொரு காரணம். கன்வல்ஜீத் ஆனந்த் என்னும் இந்திய மருத்துவர் ஆக்ஸ்போர்டில் ஆராய்ந்து, அறுவையின்போது வலியடக்கும் மருந்து பெற்ற குறைமாதக் குழந்தைகளின் உடலில் பதற்றத்தின் அறிகுறிகள் குறைந்ததையும், அவை நன்கு தேறியதையும் 1987இல் லான்செட் இதழில் வெளியிட்டார். அதன்பின் அவ்வழக்கம் மாறத் தொடங்கியது. அந்த மகவுகளுள் எதுவும் பின்னாளில் வந்து சாட்சி கூறியிராது. வலித்தபோது வலித்தது; அவ்வளவே.

ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் குழந்தை உளவியல் பாடத்தில் நாம் இதைப் படித்திருந்தோம். 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்த மரியா மாண்டிசோரி அம்மையாரின் கொள்கையும் பாடத்தில் இருந்தது. முதல் ஆண்டுகளில் கண்டதையும் கேட்டதையும் குழந்தை நினைவாகச் சேர்த்து வைப்பதில்லை. அவற்றைக் கொண்டு தன்னையே கட்டிக்கொள்கிறது என்பார் அவர். தேர்வில் அதை அழகாக எழுதி நல்ல மதிப்பெண்ணும் பெற்றோம். கரண்டியைக் கையில் எடுத்தபோது அது நினைவுக்கு வரவில்லை. மறதி குழந்தைக்கு மட்டும் உரியதன்று போலும்.

இன்னொன்றும் உண்டு. விமான நிலையத்தில் தந்தையைக் கண்டதும் பேத்தி நம் முந்தானைக்குள் முகம் புதைத்துக்கொண்டாள். மூன்றாம் நாள் காலை, யாரும் சொல்லாமலே அவர் தோளில் ஏறி அமர்ந்து தலைமயிரைப் பற்றிக்கொண்டு சிரித்தாள். மருமகப்பிள்ளை அன்று வேலைக்குச் செல்லவில்லை. அந்தக் காலையும் அவள் நினைவில் இல்லை. ஆயினும் அதை வீண் என்று நம்மில் யாரேனும் கூறினோமா? இன்பத்திற்கு நினைவைச் சாட்சியாகக் கேட்காத நாம், துன்பத்திற்கு மட்டும் கேட்கிறோம். காரணம் வெளிப்படை. இன்பத்தை அளித்தவர் நாம் என்று கூறிக்கொள்ள விழைகிறோம். துன்பத்தை அளித்தவர் நாம் என்பதை மறக்க விழைகிறோம்.

முன்வரிசைப் பெரியவருக்கும் நியாயம் உண்டு. அன்று அவர்மீது சினம் கொண்டோம், இன்று இல்லை. அவரும் கட்டணம் செலுத்தியவர், உறங்க விரும்பியவர். எந்தத் துயரத்தில் சென்றுகொண்டிருந்தாரோ, யாரறிவார்? இரயிலில் குழந்தை அழுதால் எதிர் இருக்கைப் பெண்மணி, "இங்கே கொடம்மா" என்று வாங்கிக்கொள்வாள். சன்னலுக்கு வெளியே மாடு காட்டுவாள். விமானத்தில் காட்டுவதற்கு மாடும் இல்லை. கேட்பதற்கு நமக்கு வாயும் எழவில்லை. எழுந்து சென்று, "ஐயா, குழந்தைக்குப் பயணம் ஒத்துக்கொள்ளவில்லை, பொறுத்தருளுங்கள்" என்று ஒரு சொல் கூறியிருக்கலாம். அவரைக் கேட்டுக்கொள்ளக் கூசி, கேட்கவே தேவையில்லாத ஓர் உயிரின்மீது கை வைத்தோம். மறுக்கத் தெரியாதவரிடத்தில்தான் நம் கை எளிதாக நீள்கிறது.

பேத்தி இப்போது கல்லூரியில் பயில்கிறாள். சில ஆண்டுகளுக்கு முன், தசலட்சணப் பருவம் நிறைவுற்று ஒருவரிடம் ஒருவர் பொறுத்தருள வேண்டும் நாளில், தொலைபேசியில் அவளை அழைத்து அந்தக் கதை முழுவதையும் சொன்னோம். மன்னிப்பும் கேட்டோம். அவள் சிரித்தாள். "எனக்கு எதுவுமே ஞாபகம் இல்லையே பாட்டி, விடுங்கள்" என்றாள். அன்போடு சொன்னதுதான். ஆனால் அன்று துடித்தவள் வேறு ஒருத்தி போலவும், அவளிடம் இனி யாரும் பேச இயலாது போலவும் நமக்குத் தோன்றியது. தொலைபேசியை வைத்த பிறகும் நெடுநேரம் அங்கேயே நின்றிருந்தோம்.

தெருவிலிருந்து வந்த அந்தப் பெண்ணிடம் இவை அனைத்தையும் கூறவில்லை. மருந்து வேண்டாம், குழந்தை மருத்துவரை ஒருமுறை பார்த்துவிடு, இறங்கத் தொடங்கும்போது எழுப்பிப் பால் கொடு என்று மட்டும் கூறினோம். கணவர் அழைக்கிறார், குழந்தைக்குத் தந்தை வேண்டும். ஆகவே போகாதே என்று கூற இடமில்லை. பத்து நாள் கழித்துத் தொலைபேசியில் பேசினாள்.

"இறங்கும்போது எழுப்பிவிட்டேன், டீச்சரம்மா. பால் குடிக்க மாட்டேன் என்று தட்டிவிட்டாள். ஒரே அழுகை."

"அழுதாளா? நல்லது" என்றோம்.