சந்தோஷம் சம்மதம் ஆகாது

"அந்தக் காலத்துல திருவிழான்னா ஊரும் சேரியும் ஒண்ணாத்தான இருந்துச்சி? நீங்களும் சந்தோஷமாத்தான இருந்தீங்க?" சேரியிலிருந்து யாராவது உரிமை என்று வாயைத் திறந்தால் போதும், ஊர்த்தெருப் பெரியவர்கள் இந்தக் கேள்வியைத்தான் முதலில் எடுத்துப் போடுகிறார்கள். நம் பால்யத்தையே நமக்கு எதிராகச் சாட்சிக்கூண்டில் ஏற்றுகிற வேலை இது.

ஆமாம், சந்தோஷமாகத்தான் இருந்தோம். எங்கள் தென்னாற்காட்டுப் பக்கம் திரௌபதி அம்மன் திருவிழா என்றால் பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரியில் கூத்து. கடைசி நாள் காலையில் படுகளம், சாயங்காலம் தீமிதி. மண்ணைக் குழைத்து மல்லாந்த துரியோதனனைப் பெரிசாகப் போட்டிருப்பார்கள். பீமன் வேஷக்காரர் தொடையில் அடிப்பார், சிவப்புத் தண்ணி கசியும், அதைத் தொட்டுப் பாஞ்சாலி கூந்தல் முடிவாள். அண்ணன் தோளில் உட்கார்ந்து பார்ப்பேன். கையில் பொரி, உடம்பில் புதுச் சட்டை. பறைச் சத்தத்தில் எங்க தாத்தா அடி எதுன்னு தனியாத் தெரியும் எனக்கு.

ஆனால் எங்கே நின்று பார்த்தோம்? கோயில் வாசலுக்கு ரொம்ப அப்பால், எங்களுக்கென்று விட்ட ஓரத்தில். பறை எங்களுடையது, சாமி மட்டும் எங்க தெருவுக்குள் வராது. வரி கொடுக்கிறோம் என்று போனாலும் வாங்க மாட்டார்கள். வாங்கினால் பங்கு தரணுமே!

குழந்தைக்கு இந்தக் கணக்கு தெரியாது. தெரியாதவரிடம் சம்மதம் ஏது? பெரியவர்களுக்குத் தெரியும், தெரிந்தும் சிரித்தார்கள். வருஷம் முழுக்க அடுத்தவன் நிலத்தில் குனிந்த முதுகு பத்து நாள் நிமிர்ந்தது, அதான் சிரித்தார்கள். அந்தச் சந்தோஷம் ஊர் கொடுத்த பிச்சையில்லை, நம் ஜனங்கள் தாங்களே உண்டாக்கிக்கொண்டது. நிறுத்தின இடத்தில் சிரிப்பது வேறு, இந்த இடமே எனக்குப் போதும் என்று ஒப்புக்கொள்வது வேறு.

அந்தக் கூத்திலேயே ஒரு நியாயக் கேள்வி உண்டு. முதலில் தன்னையே தோற்றவனுக்கு என்னை வைத்து ஆட என்ன உரிமை என்று சபையில் பாஞ்சாலி கேட்பாள். தர்மம் சூட்சுமமானது என்று பீஷ்மர் நழுவுவார். அதைப் பார்த்து ஊரே அழும். அழுத கண்ணைத் துடைத்துக்கொண்டு, சேரிக்காரன் கேள்வி கேட்கும்போது அதே சபையாக மௌனம் சாதிக்கும்.

விழுப்புரம் பக்கம் மேல்பாதியில் 2023 ஏப்ரலில், திரௌபதி அம்மன் திருவிழாவின்போது கோயிலுக்குள் போன தலித் இளைஞர்களை அடித்தார்கள். ஜூனில் கோயிலுக்குச் சீல் வைத்தார்கள். போலீஸ் பாதுகாப்போடு தலித்துகள் உள்ளே போய்க் கும்பிட 2025 ஏப்ரல் வரை ஆனது. ஒண்ணாத்தான் இருந்தோம் என்றால் போலீஸ் எதற்கு?

இந்தச் சாமியே வேண்டாம் என்று 1956இல் அம்பேத்கர் நாகபுரியில் காட்டிய வழியில் போகிறவர்கள் இருக்கிறார்கள். உள்ளே போயே தீருவேன் என்பவர்களும் இருக்கிறார்கள். முடிவு நம்முடையது. எந்த வழியானாலும் பால்யத்தின் சந்தோஷத்துக்காக நாம் வெட்கப்பட வேண்டியதில்லை. அதை ஊர்க்காரனின் சாட்சியாக விட்டுக்கொடுக்கவும் கூடாது. பொரியின் ருசியைச் சொல்லும்போதே நின்ற இடத்தையும் சேர்த்துச் சொல்லுவோம். பாதி நினைவைத்தான் அவர்களால் பயன்படுத்த முடியும். முழு நினைவு நம் பக்கம்தான் பேசும்.