யாருடையது என்று கேட்டீர்களா?

 

கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலிருந்து கம்பெனி செலவில் வெளிநாட்டுப் பயிற்சிக்குப் போகிற பிள்ளைகள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். பேரப்பிள்ளையைப் பார்க்க லண்டன் போய்வருகிற அம்மாக்கள் திருவள்ளூரிலும் பொன்னேரியிலும் இருக்கிறார்கள். போன இடத்தில் சனிக்கிழமை போர்ட்டோபெல்லோ சாலைப் பழம்பொருள் சந்தையைச் சுற்றிப் பார்க்கிறோம். பழைய கடிகாரம், பீங்கான் கோப்பை, நடுவே ஒரு சின்ன வெண்கல அம்மன். ‘நம்ம ஊர் சாமி’ என்று மனம் உருகுகிறது. பேரம் பேசுகிறோம், பணத்தைக் கொடுக்கிறோம், துணிக்கு நடுவே சுற்றிப் பெட்டியில் வைக்கிறோம். யாருடையது என்று கேட்டோமா? எந்த ஊர் விளக்கில்லாமல் நிற்கிறது என்று கேட்டோமா?

கடிகாரத்தை வாங்குங்கள், கோப்பையை வாங்குங்கள். பழம்பொருள் ஆசையை நான் பழிக்கவில்லை. ஆனால் பூசையில் இருந்ததையும், மண்ணிலிருந்து வந்ததையும், ஓலைச்சுவடியையும் கேள்வி கேட்காமல் வாங்குகிறவர் களவின் கடைசிக் கண்ணியாகிறார். வாங்க ஆள் இருப்பதால்தான் பூட்டை உடைக்க ஆள் வருகிறான்.

அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தானை நினையுங்கள். பூசை நின்று பூட்டிக் கிடந்த கோயில். 2006 வாக்கில் உள்ளே புகுந்து நடராசரைக் கொண்டுபோனார்கள். ஊருக்குத் தெரிந்தது 2008இல். அதே 2008இல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் அவரை ஐம்பது லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கி வைத்துவிட்டது. எழுபதுகளின் தொடக்கத்திலேயே சிலை இந்தியாவை விட்டுப் போனதாகக் காகிதம் சொன்னது. காகிதம் பொய். பொய்யை உடைத்தது எது தெரியுமா? புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் முன்பே கோயிலுக்குள் எடுத்து வைத்திருந்த ஒரு புகைப்படம். 2014 செப்டம்பரில் நடராசர் நாடு திரும்பினார். சிலையை விற்ற நியூயார்க் வணிகர் சுபாஷ் கபூருக்கு வேறொரு கோயில் சிலைக் களவு வழக்கில் கும்பகோணம் நீதிமன்றம் 2022இல் பத்தாண்டுச் சிறை விதித்தது.

நிபுணர்கள் நிறைந்த கலைக்கூடமே ஏமாந்தது என்றால், தெருக்கடையில் நிற்கும் நாம் எம்மாத்திரம்? ஆகவே கேளுங்கள். எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். யார் கையில் இருந்தது என்று கேளுங்கள். எந்த ஆண்டு நாட்டை விட்டு வெளியேறியது, அதற்குச் சான்று எங்கே என்று கேளுங்கள். கடைக்காரர் தோளைக் குலுக்கினால் கையை எடுத்துவிடுங்கள். ‘நான் வாங்காவிட்டால் வேறொருவன் வாங்குவான்’ என்று சொல்லாதீர்கள். திருடனும் அதையேதான் சொல்லிக்கொள்கிறான். எகிப்துப் பொருளானாலும், கம்போடியப் பொருளானாலும் இதே கேள்விதான். நம் சாமிக்கு ஒரு நியாயம், அவர்கள் சாமிக்கு ஒரு நியாயம் இல்லை.

இனி நம் வாசலுக்கு வருவோம். நம் திருவள்ளூர் மாவட்டம் ஏதுமில்லாத மண் அல்ல. திருவாலங்காட்டில் 1905இல் கிடைத்த செப்பேடுகள் சோழர் வரலாற்றையே எழுத வைத்தன. அவ்வூர் நடராசர் எழும்பூர் அருங்காட்சியகத்தில் நிற்கிறார். கொசஸ்தலை ஆற்றுப் பக்கம் அத்திரம்பாக்கத்தில் 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபுட் கற்கருவிகளைக் கண்டார்; அங்கே பின்னர் தோண்டியெடுத்தவற்றில் மிகப் பழையவை பதினைந்து லட்சம் ஆண்டுக்கு முந்தியவை என்று கணித்தார்கள். கைக்கு அடக்கமாக இருக்கிறதே என்று அந்தக் கல்லை வீட்டு அலமாரிக்குக் கொண்டுவராதீர்கள். இடத்தை விட்டு எடுத்த கல் தன் வயதைச் சொல்லாது. ஏரி மண் அள்ளும்போதோ ஃபேக்டரிக்கு அஸ்திவாரம் தோண்டும்போதோ செம்பும் சிலையும் தட்டுப்பட்டால் காயலான் கடைக்குக் கொண்டுபோகாதீர்கள், வி.ஏ.ஓ.விடம், தாசில்தாரிடம், கலெக்டரிடம் சொல்லுங்கள். புதையலைப் பற்றிய சட்டம் 1878லிருந்தே இருக்கிறது. நூறாண்டு கடந்த கலைப்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோவதைத் தடுக்கும் சட்டம் 1972இலேயே வந்துவிட்டது. தெரியாது என்பது இனி சாக்காகாது.

ஊர்ப் பெரியவர்களே, உங்களிடம்தான் மன்றாடுகிறேன். ஒருகாலப் பூசைகூட இல்லாத கோயில் உங்கள் ஊரிலும் உண்டு. களவு போன பிறகு ‘எங்கள் சாமி’ என்று அழுதால் எந்த நாட்டுக் கோர்ட்டும் கேட்காது; படம் எங்கே என்றுதான் கேட்கும். செயல் அலுவலரிடமோ தர்மகர்த்தாவிடமோ அனுமதி வாங்குங்கள். ஒவ்வொரு திருமேனியையும் முன்னும் பின்னும் படமெடுங்கள். பீடத்தையும், எழுத்து இருந்தால் எழுத்தையும் எடுங்கள். பக்கத்தில் அளவுகோல் வையுங்கள், தேதி குறியுங்கள். ஒரு பிரதி கோயிலில், ஒரு பிரதி அறநிலையத் துறையில், ஒரு பிரதி ஊராரிடம் இருக்கட்டும். ‘கும்பாபிஷேகத்துக்குப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று தள்ளாதீர்கள். ஸ்ரீபுரந்தானில் களவு நடந்தது தெரியவே இரண்டு ஆண்டு ஆனது. சிலை திரும்பிவர எட்டு ஆண்டு ஆனது.

 வருகிற வெள்ளிக்கிழமையே அனுமதி கேளுங்கள்.