சுரம் முடியும் இடம்

பேஸ் கிட்டாரில் தந்தியை மீட்டிச் சத்தம் வரவழைக்க ஒரு வாரம் போதும். வந்த சத்தத்தை எந்த இடத்தில் நிறுத்துவது என்று தெரிந்துகொள்ள எனக்கு ஏழெட்டு வருஷம் ஆனது. தென்மாவட்டங்களில் கோயில் கொடை, கல்யாண ரிசப்ஷன், கல்லூரி விழா என்று இருபத்தாறு வருஷமாக மெல்லிசைக் குழுக்களில் வாசிக்கிறேன். வாசிப்பு முறையைப் பற்றியோ மேடைச் சாமான்களைப் பற்றியோ யார் என்னிடம் கேட்டாலும், கடைசியில் நான் போய் நிற்பது அந்த ஒரு கேள்வியில்தான். சுரம் எங்கே முடிய வேண்டும்? அது முடிந்தது மற்றவர் காதில் விழுகிறதா?

நான் கற்றுக்கொண்டது கேசட்டில். எங்கள் வீட்டு டேப் ரிக்கார்டரில் இருந்தது நாலு அங்குல ஸ்பீக்கர். பேஸ் கிட்டாரின் தடித்த ஈ தந்தி விநாடிக்கு 41 முறை அதிர்கிறது. அந்த ஸ்பீக்கரால் அவ்வளவு கீழே இறங்கவே முடியாது. ஆனாலும் எனக்கு அந்தச் சுரம் கேட்டது. 82, 123, 164 என்று மேலே வரும் கிளை அதிர்வுகளை வாங்கிக்கொண்டு, அடியில் இருக்க வேண்டியதை மூளையே நிரப்பிக்கொள்கிறது என்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். டீக்கடை ரேடியோவில் பாட்டுக் கேட்டவர்கள் எல்லோரும் இப்படித்தான் பேஸைக் கேட்டிருக்கிறார்கள். இல்லாத ஒன்றை ஒரு ஊரே சேர்ந்து கேட்டிருக்கிறது. எனக்கு இன்றும் அது பெரிய அதிசயம்.

அந்த கேசட்டுகளில் பெரும்பாலானவை இளையராஜாவுடையவை. அவர் பாடல்களில் பேஸ் வெறுமனே அடிச்சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்காது. பாடகர் மேலே ஏறும்போது அது கீழே இறங்கும், பாடகர் மூச்சு வாங்கும் இடத்தில் ஒரு வாக்கியம் சொல்லும். 1982-ல் வந்த 'பயணங்கள் முடிவதில்லை' படத்தின் நிலாப் பாட்டைக் கிட்டாருக்காக எல்லோரும் கொண்டாடுகிறார்கள், நியாயம்தான். அந்தக் கிட்டாருக்கு அடியில் பேஸ் நடக்கும் நடையைத் தனியாக எடுத்துக் கேட்டால், அதையே ஒரு பாட்டாக முணுமுணுக்கலாம். கொடையில் வாசிக்கும்போது அந்த வரியை மாற்றிவிட்டால் என்ன ஆகும்? யாரும் எழுந்து நின்று கேட்கப் போவதில்லை. ஆனால் முன்வரிசையில் தலையாட்டிக்கொண்டிருந்தவர் ஆட்டத்தை நிறுத்திவிடுவார். என்ன குறைகிறது என்று அவருக்குச் சொல்லத் தெரியாது. நான் கண்ணால் கண்டது இது.

வரியை மனப்பாடம் செய்வதோடு வேலை முடியவில்லை என்பதை எனக்குக் காட்டியவர் எங்கள் குழுவின் டோலக் அண்ணன். அப்போது எனக்கு இருபது வயது. தந்திகளை ஓயாமல் அதிரவிட்டுக்கொண்டிருந்தேன், நிறைவாக இருக்கிறது என்று நினைத்து. இரண்டாவது கச்சேரி முடிந்து வேனில் வரும்போது அவர் சொன்னார்: "தம்பி, என் இடது கை பேசி முடிக்கட்டும். அப்புறம் நீ பேசு." அப்போது எனக்குப் புரியவில்லை. கோபம்கூட வந்தது.

மேல்நாட்டு இசைக்குழுவில் பேஸ் வாசிப்பவனுக்குச் சொல்லப்படும் முதல் பாடம், ட்ரம்ஸின் கிக்கோடு ஒட்டிக்கொள் என்பது. கிக் ஒரு உதை, விழுந்ததும் தீர்ந்துவிடும். டோலக்கின் இடதுபக்கமும் தபேலாவின் டக்காவும் அப்படி அல்ல. அவை சுரம் உள்ளவை. உள்ளங்கையின் அடிப்பகுதியை அழுத்தி இழுக்கும்போது அந்த நாதம் வளைந்து மேலே போகிறது. அது வளையும் உயரமும் என் கீழ்த்தந்திகள் இருக்கும் உயரமும் ஏறக்குறைய ஒன்றுதான். என் சுரம் அங்கே நீண்டு கிடந்தால் அந்த வளைவு புதைந்துபோகும். அவர் கை இழுக்கிற அந்தக் கால்விநாடிக்கு நான் வாயை மூட வேண்டும். மூடினால், என் அடுத்த சுரம் இரண்டு மடங்கு கனத்தோடு விழுகிறது. திஸ்ர நடைப் பாட்டுகளில் இதை நன்றாக உணரலாம்: முதல் தட்டில் நான், மூன்றாவதில் அவருடைய வளைவு, நடுவில் ஒன்றுமில்லை. ஆட வைப்பது நடுவில் இருக்கும் அந்த ஒன்றுமில்லாததுதான்.

இதை வைத்துத்தான் வாசிப்பு முறைகளை எடைபோடுகிறேன். டெட்ராய்ட் நகரில் மோடவுன் நிறுவனத்தின் பாடல்களுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் வலது கையின் ஆள்காட்டி விரல் ஒன்றை மட்டுமே பயன்படுத்தினார். கூட இருந்தவர்கள் அந்த விரலுக்குக் 'கொக்கி' என்றே பெயர் வைத்தார்கள். தட்டைச் சுற்று உள்ள தடித்த தந்திகள். அறுந்தாலொழிய மாற்ற மாட்டார். பாலத்தின் மூடிக்கு அடியில் ஒரு துண்டு ஃபோம் வைத்திருந்தார். அது தந்தியைத் தொட்டுக்கொண்டிருந்ததால் ஒவ்வொரு சுரமும் தானாகவே சீக்கிரம் அடங்கியது. அத்தனை சுரங்களை அவ்வளவு வேகமாக வாசித்தும் பாடகரின் ஒரு எழுத்தைக்கூட அவர் மறைக்காததற்கு அந்த ஃபோம் துண்டு பாதிக் காரணம் என்று நான் நம்புகிறேன். என் கிட்டாரிலும் பாலத்துக்கு அருகில் ஒரு ஸ்பாஞ்சுத் துண்டு இருக்கிறது. பாத்திரம் தேய்க்க வாங்கியதில் வெட்டியது.

கட்டைவிரலால் தந்தியை அறைந்து வாசிக்கும் ஸ்லாப் முறையை இன்றைய பையன்கள் முதலில் கற்கிறார்கள். அதைக் கொண்டுவந்த லாரி கிரஹாம், தன் தாயாரின் சிறிய குழுவில் ட்ரம்ஸ் வாசிப்பவர் இல்லாமல் போனபோது, அந்த இடத்தை நிரப்பக் கட்டைவிரலால் கிக்கையும், தந்தியைச் சுண்டி ஸ்னேரையும் உண்டாக்கினார். தாளக்காரர் இல்லாத மேடையில், தேவைக்காகப் பிறந்தது அது. டோலக், தபேலா, பேட் மூன்றும் இருக்கிற எங்கள் மேடையில் அதை வாசித்தால், மூன்று பேர் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கும் வேலையை நானும் செய்கிறேன் என்று அர்த்தம். டிஸ்கோ பாட்டு ஒன்றிரண்டுக்கு வேண்டும், அங்கே வாசிக்கிறேன். பிக் வைத்து வாசிப்பதைக் குறைவாகப் பேசுகிறவர்கள் உண்டு, எனக்கு அதில் உடன்பாடு இல்லை. உள்ளங்கை ஓரத்தைத் தந்தியில் வைத்துக்கொண்டு பிக்கால் வாசித்தால் எழுபதுகளின் எத்தனையோ பாட்டுகளின் நிறம் அப்படியே வந்துவிடும்.

ஜேமர்சனின் பெயர் அறுபதுகளின் மோடவுன் இசைத்தட்டு உறைகளில் இல்லை. 1971-ல் வெளிவந்த மார்வின் கேயின் ஆல்பத்தில்தான் அவர் பெயர் அச்சாயிற்று. 1983-ல், நாற்பத்தேழு வயதில் இறந்தார். நம் ஊரில் மட்டும் என்ன வாழ்கிறது? ராஜாவின் அத்தனை பேஸ் வரிகளுக்கு விரல் கொடுத்த சசிதரனின் பெயர் எனக்குத் தெரியவந்தது, நான் அந்த வரிகளை வாசிக்கத் தொடங்கிப் பத்து வருஷம் கழித்து. கேசட் உறையில் பாட்டு இருந்தது, பாடியவர் இருந்தார், எழுதியவர் இருந்தார். ஏ.ஆர். ரஹ்மான் வந்தபின் வாசித்தவர்களின் பெயர்கள் உறையில் இடம்பெறத் தொடங்கின; கீத் பீட்டர்ஸ் என்ற பெயரை அங்கேதான் படித்தேன். பேஸ் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு மனிதரின் பெயர். அந்தத் தாளைப் பல நாள் சட்டைப் பையில் வைத்திருந்தேன்.

இனி சாமான்கள். லியோ ஃபெண்டர் 1951-ல் பிரிசிஷன் பேஸை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, ஆளுயர டபுள் பேஸைச் சுமந்தும் அதன் சத்தம் எடுபடாமல் அவதிப்பட்டவர்களுக்கு இரண்டு விடுதலை கிடைத்தது: தோளில் மாட்டலாம், ஃப்ரெட் இருப்பதால் சுரம் பிசகாது. ஆனால் சுமை போய்விடவில்லை, ஆம்ப்ளிஃபயருக்கு மாறியது. 1969-ல் வந்த ஆம்பெக் எஸ்.வி.டி. 300 வாட்; தலைப்பகுதி மட்டும் நாற்பது கிலோவுக்குச் சற்றுக் குறைவு, கீழே பத்து அங்குல ஸ்பீக்கர்கள் எட்டு கொண்ட பெட்டி. இப்போது கிளாஸ் டி வகை ஆம்ப் இரண்டு கிலோவில் 500 வாட் தருகிறது. ஒரு தோள்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிடலாம். முதுகுவலிக்காரன் என்ற முறையில் இதை இரு கைகூப்பி வரவேற்கிறேன்.

பல குழுக்களில் அந்த இரண்டு கிலோவும் வேண்டாம் என்கிறார்கள். டி.ஐ. பாக்ஸில் ஒயரைச் செருகினால் நேராக மிக்ஸருக்குப் போகும், வெளியே நன்றாகவே கேட்கும். மைதானத்துக்கு அது சரி. மேடைக்குப் போதாது. என் சுரம் எங்கே முடிகிறது என்று டோலக்காரர் உணர்ந்தால்தான் அவர் கை அதற்குப் பதில் சொல்லும். காதில் சொருகும் மானிட்டர் எல்லோருக்கும் வாங்கித் தரும் குழுக்கள் எங்கள் பக்கம் குறைவு. ஆகவே என் முதல் கோரிக்கை எப்போதும் ஒன்றுதான்: பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் ஒன்று உள்ள சின்னப் பெட்டியானாலும் போதும், எனக்கும் தாளத்துக்கும் நடுவில், ஒரு நாற்காலி உயரத்தில் இருக்கட்டும். எனக்காகக் கேட்பதில்லை, அவருக்காக.

மைக்செட்காரர்களிடம் நான் மன்றாடுவது இன்னொன்று. 41 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் எட்டு மீட்டருக்கு மேல். மேடைக்கு இடதுபக்கம் ஒரு பேஸ் பெட்டி, வலதுபக்கம் ஒன்று என்று வைத்தால், ஒரு பெட்டி மற்றதைவிட நாலு மீட்டருக்குச் சற்று அதிகத் தூரத்தில் இருக்கும் இடங்களில் இரண்டு அலைகளும் ஒன்றையொன்று தின்றுவிடும். நடுவில் உட்கார்ந்திருக்கும் விழாக் கமிட்டியாருக்கு நெஞ்சு அதிரும். பக்கவாட்டில் பாய்விரித்துப் பிள்ளைகளோடு இருக்கும் பெண்களுக்கு மெலிந்த பாட்டு மட்டும் போய்ச் சேரும். இரண்டு பெட்டிகளையும் மேடைக்கு முன்னால் நடுவில் ஒன்றாக அடுக்கினால் தீர்ந்தது. செலவு ஒன்றும் இல்லை.

கரண்டைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஈ தந்தியின் மூன்றாவது ஃப்ரெட்டில் இருக்கும் ஜி சுரம் 49 ஹெர்ட்ஸ். எர்த் சரியில்லாத மேடையில் ஸ்பீக்கர் ஓயாமல் உறுமும்போது அந்த ஜி-யை நீட்டி வாசித்தால், உறுமலும் சுரமும் உரசி விநாடிக்கு ஒருமுறை அலைபாயும். உறுமலை நிறுத்த பிளக்கின் மூன்றாவது பின்னை உடைத்துவிடும் பழக்கம் எத்தனையோ ஊர்களில் இருக்கிறது. ஒருமுறை ஆம்ப் கோயில் லைனிலும் மைக் ஜெனரேட்டரிலும் இருந்தது. கோரஸ் பாட மைக்கை நெருங்கினேன். கை தந்தியில், உதடு மைக்கில். பின்னால் நின்ற கீபோர்டு ஸ்டாண்டோடு சேர்ந்து விழுந்தேன். 1972-ல் வேல்ஸ் நாட்டின் ஸ்வான்சீயில் லெஸ்லி ஹார்வி என்ற கிட்டார் கலைஞர் இதே போல மேடையில் மைக்கைத் தொட்டு அங்கேயே இறந்தார், வயது 27. ரசிகர் கூட்டத்தின் முன்னால். மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் ஈ.எல்.சி.பி. உள்ள பலகை ஒன்றை எப்போதும் என் பையில் கொண்டுபோகிறேன். மேடையில் எல்லாமே ஒரே லைனில் இருக்கிறதா என்று கேட்டபின்தான் கிட்டாரை எடுக்கிறேன். தாமதமாகிறது என்று கத்துவார்கள், கத்தட்டும். என் இளைய நண்பர்களிடம் கெஞ்சிக் கேட்பது இது ஒன்றுதான்: எந்தக் கச்சேரியும் அந்தப் பின்னை உடைப்பதற்குப் பெறாது.

காதும் அப்படித்தான். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் தாங்கும் என்று வைத்திருக்கும் அளவு, ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் பாதியாகிறது. 100 டெசிபலில் பதினைந்து நிமிடம். எங்கள் கொடைக் கச்சேரி நாலு மணி நேரம். சிம்பல் இருக்கும் பக்கம் என்பதால் என் இடது காதில் இரவெல்லாம் ஒரு கீச்சொலி உண்டு. அது முடிகிற சுரம் அல்ல. காதடைப்பான் வாங்கியது நாற்பது வயதில். இருபதில் வாங்கியிருக்க வேண்டும்.

இப்போது பாதிக் கச்சேரிகளில் முன்பே பதிவுசெய்த ட்ராக் ஓடுகிறது. பேஸ் அதிலேயே இருக்கிறது. மாசு மறு இல்லாத பேஸ். பாடும் பெண் ஒரு சொல்லை அரை விநாடி தாங்கிப் பிடித்தால் அதற்காக அது காத்திராது. எனக்கு வேலை குறைந்தது என்பதைவிட, காத்திருக்க ஆளில்லாமல் பாட வேண்டியிருக்கிறதே அந்தப் பெண்ணுக்கு, அதுதான் எனக்கு வலிக்கிறது.

தாமிரபரணிக் கரையில் ஓர் ஊர்க் கொடை. நள்ளிரவு தாண்டியிருந்தது. பாட்டின் இரண்டாவது சரணத்தில் ஜெனரேட்டர் நின்றுபோனது. விளக்கு, ஸ்பீக்கர், கீபோர்டு எல்லாம் ஒரே நொடியில் போயின. பாடியவர் நிறுத்தவில்லை, வெறுந்தொண்டையில் தொடர்ந்தார். டோலக் அண்ணனும் நிறுத்தவில்லை. என் கையும் நிற்கவில்லை, ஆனால் கரண்ட் இல்லாத பேஸ் கிட்டாரின் ஓசை ஒரு முழத்துக்கு அப்பால் கேட்காது. சாமிக்கு முன்னால் எரிந்த பந்தத்தின் வெளிச்சம் மட்டும் மேடையில் விழுந்தது. அண்ணன் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு குனிந்து என் இடது கையைப் பார்த்தார். விரல் எந்த ஃப்ரெட்டில் அழுந்துகிறது, எப்போது எழுகிறது என்று பார்த்துப் பார்த்து வாசித்தார். என் விரல் எழும்போதெல்லாம் அவர் இடது கை இழுத்தது. சரணம் முடியும்வரை அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.