வெந்நீரும் தீட்டும்

ஜப்பானின் கீ தீபகற்பத்தில், வாகயாமா மாகாணத்து மலைகளுக்கு நடுவே, ஒரு சிற்றோடையின் கரைகளில் சில விடுதிகளும் ஒரு பௌத்தக் கோயிலும் ஒரு பொதுக் குளியலகமுமாக அமைந்திருக்கும் யுனொமினே என்னும் சிற்றூர், அந்நாட்டின் மிகப் பழைய வெந்நீரூற்றுகளுள் ஒன்றாகப் போற்றப்படுகிறது. அதன் தோற்றத்தை ஊர் மரபு ஏறத்தாழ 1800 ஆண்டுகளுக்கு முன் கொண்டுபோய் வைக்கிறது. ஊற்று வாயிலிருந்து ஏறக்குறைய 90 பாகை வெப்பத்தில் நீர் பொங்கி எழுவதால், அங்கு வருவோர் முட்டையையும் காய்கறிகளையும் வலைப்பையில் கட்டி அதில் இறக்கி வேகவைத்து உண்கின்றனர். சற்றுத் தள்ளி, ஓடைப் படுகையிலேயே நிற்கும் சிறு மரக்குடிலுக்குள், இரண்டு மூன்று பேர் மட்டுமே அமரக்கூடிய பாறைக் குழி ஒன்று உள்ளது. சுபோயு எனப்படும் இக்குழி, கீ மலைத்தொடரின் புனிதத் தலங்களும் யாத்திரைப் பாதைகளும் 2004-இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் சேர்க்கப்பட்டபோது அவற்றின் ஒரு பகுதியாக ஏற்கப்பட்டது. குளிப்பதற்கான ஒரு குழி புனிதத் தலங்களின் வரிசையில் இடம்பெற்றதற்குக் காரணம், குமானோ யாத்திரையில் அதற்கு இருந்த பங்காகும். குமானோ ஹோங்கு எனப்படும் பெருங்கோயிலை நெருங்கிய யாத்திரிகர்கள், இறுதிக் குன்றைக் கடப்பதற்கு முன் இவ்வூரின் வெந்நீரில் உடலைத் தூய்மை செய்துகொண்ட பின்னரே தெய்வத்தின் முன் சென்றனர். இன்றும் ஏப்ரல் 13 அன்று நடைபெறும் யுனோபோரிச் சடங்கில், ஒன்று முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளைத் தந்தையர் இங்கு அழைத்து வந்து நீராட்டி, கால் நிலத்தில் படாதவாறு தோளில் சுமந்து மலையைக் கடந்து பழைய கோயில் திடலுக்குக் கொண்டு செல்கின்றனர்.

இவ்வழக்கத்துக்குள் ஒரு கடினமான கேள்வி பொதிந்துள்ளது. தூய்மை என்பது தெய்வத்தை அணுகுமுன் மனிதன் பெற்றிருக்க வேண்டிய தகுதியா, அணுகியபின் அவனுக்குக் கிட்டும் பேறா?

ஜப்பானின் தொல்சமயமான ஷிண்டோவின் பொதுவான விடை முதல் பக்கத்தைச் சார்ந்தது. சாவு, பிறப்பு, குருதி ஆகியவற்றால் மனிதரைப் பற்றும் கெகாரே, அதாவது தீட்டு, அவர்கள் செய்த குற்றம் அன்று. அவர்கள் மேல் படிந்த ஒரு நிலை மட்டுமே. ஆயினும் அது தெய்வத்திடமிருந்து அவர்களை விலக்கி வைக்கிறது. 712-இல் தொகுக்கப்பெற்ற கொஜிகி நூலில், இறந்த மனைவியைத் தேடிப் பாதாளம் சென்று திரும்பிய இசானகி என்னும் தெய்வமே ஆற்றில் மூழ்கித் தன் தீட்டைக் கழுவ வேண்டியிருந்தது. 927-இல் நிறைவுற்ற எங்கிஷிகி என்னும் அரசச் சட்டத் தொகுப்பு, மனிதச் சாவுக்கு 30 நாள், மனிதப் பிறப்புக்கு 7 நாள், வீட்டு விலங்கின் சாவுக்கு 5 நாள் எனத் தீட்டுக் காலங்களைக் கணக்கிட்டே வகுத்தது. நீரும் நாளும் தீட்டை நீக்கும், நீங்கும்வரை கோயில் வாசல் மூடியிருக்கும் என்பதே அவ்வொழுங்கின் சாரம்.

குமானோவின் தனித்தன்மை, இந்த ஒழுங்கைத் தன் வாசலிலேயே தளர்த்தியதில் இருக்கிறது. பேரரசர் பதவி துறந்த கோ-ஷிரகாவா 30 முறைக்கு மேல் வந்து வணங்கிய அத்தலம், அரச குடும்பத்தாரை வரவேற்றதுபோலவே பிச்சைக்காரர்களையும் பெண்களையும் வரவேற்றது. பல நூற்றாண்டுகள் பெண்களை உள்ளே விடாத கோயா மலையும், இன்றளவும் அவர்களை விலக்கி வைக்கும் ஓமினே மலையின் சான்ஜோ சிகரமும் இதே தீபகற்பத்தில், இதே உலக மரபுப் பட்டியலில் இருப்பதை நினைத்தால் அத்தளர்வின் அருமை விளங்கும். கவிஞர் இசுமி ஷிகிபு, கோயில் கண்ணுக்குத் தெரியும் தொலைவை அடைந்தபோது மாதவிடாய் வந்ததால் மேலே செல்லத் தயங்கியதாகவும், அவருடைய வருத்தத்துக்குக் கனவில் விடையளித்த தெய்வம் அதை ஒரு தடையாகவே கருதாமல் அவரை உள்ளே அழைத்ததாகவும் மரபு கூறுகிறது. இதே கருத்து கோட்பாடாகவே வெளிப்பட்டது 1274-இல். அமிதாப புத்தரின் திருநாமம் பொறித்த சிறு சீட்டுகளை மக்களுக்கு வழங்கியபடி குமானோப் பாதையில் சென்ற இப்பென் என்னும் துறவியிடம், எதிர்ப்பட்ட வேறொரு துறவி, தன் உள்ளத்தில் நம்பிக்கை எழவில்லை என்றும் எழாத நிலையில் சீட்டைப் பெறுவது பொய்யாகும் என்றும் சொல்லி மறுத்தார். கலங்கிப்போன இப்பென் ஹோங்குவில் வேண்டியபோது, மலைத்துறவி வடிவில் தோன்றிய தெய்வம், உயிர்களின் விடுதலை அமிதாபர் ஞானம் பெற்ற அன்றே உறுதியாகிவிட்டதால் நம்புவோர் நம்பாதோர், தூயோர் தூய்மையற்றோர் என்று தெரிவு செய்யாமல் சீட்டை வழங்குமாறு பணித்ததாக அவருடைய வரலாறு உரைக்கிறது.

தெய்வம் இவ்வாறு வேறுபாடு பார்க்காது என்றால், யுனொமினேயில் குளித்துவிட்டு ஏன் போக வேண்டும்? இதற்கு இறையியலாளர் எவரும் தந்ததைவிட ஆழமான விடையை, தெருவில் பாடிப் பிழைத்த செக்கியோ கதைப்பாடகர்கள் தந்தனர் என்று கொள்ள இடமுண்டு. வாய்மொழியாகப் பரவி 17-ஆம் நூற்றாண்டில் நூல் வடிவம் பெற்ற ஒகுரி ஹங்கான் கதையில், மாமனாரால் நஞ்சூட்டிக் கொல்லப்பட்ட ஒகுரி என்னும் வீரனை, எம்மா என்று அங்கு அழைக்கப்படும் எமன் உலகுக்குத் திருப்பி அனுப்புகிறான். ஆனால் திரும்பி வந்தது வீரன் அல்லன். கண் தெரியாத, காது கேளாத, வாய் பேசாத, பசிப்பேயை ஒத்த ஓர் உடல். அவனைக் குமானோவின் வெந்நீரில் இறக்குமாறு எமன் எழுதிய குறிப்பைப் படித்த ஃபுஜிசாவாத் தலைமைத் துறவி, அவ்வுடலை ஒரு வண்டியில் ஏற்றி, ஒருமுறை இழுப்போருக்கு ஆயிரம் துறவியர்க்கு உணவளித்த புண்ணியம் உண்டு என்று எழுதித் தொங்கவிடுகிறார். யார் யாரோ கயிற்றைப் பிடிக்கின்றனர். சிறிது தூரம் இழுத்து விட்டுவிடுகின்றனர். வேறு யாரோ வந்து பிடிக்கின்றனர். விடுதியொன்றில் அடிமைபோல் உழைக்கும் அவன் மனைவி தெருதே, இறந்த கணவனுக்குப் புண்ணியம் தேடி, அந்த உடல் தன் கணவனே என்று அறியாமல் ஐந்து நாள் இழுக்கிறாள். வண்டி ஏறாத மலைப்பாதையில் மலைத்துறவியர் அவனைக் கூடையில் சுமக்கின்றனர். யுனொமினே நீரில் ஏழு நாள் கிடந்தபின் கண் திறக்கிறது, பின்னர் காது, பின்னர் பேச்சு. 49-ஆம் நாளில் பழைய ஒகுரி எழுகிறான்.

இக்கதையில் குளியல் சில வரிகளில் முடிந்துவிட, வண்டி கடக்கும் ஊர்களின் பெயர்கள் நீண்டுகொண்டே போகின்றன. கதையின் எடை எங்கே இருக்கிறது என்பதை இந்த அளவே காட்டுகிறது. ஒகுரியால் எந்தத் தகுதியையும் ஈட்ட முடியாது. நாமத்தைச் சொல்ல நாவில்லை, கேட்கச் செவியில்லை, நம்பவும் நம்பாமலிருக்கவும் நினைவில்லை. இப்பெனுக்குத் தெய்வம் சொன்ன தூய்மையற்றவன் அவனே. ஃபுஜிசாவா மடம் இப்பெனின் மரபினர் தலைமையிடம் என்பதால் இந்த ஒற்றுமை தற்செயலானதும் அன்று. இழுத்தவர்களும் தூய அன்பினால் மட்டும் இழுக்கவில்லை. தத்தம் இறந்தோருக்கான புண்ணியக் கணக்கும் அவர்கள் மனத்தில் இருந்தது. இருந்தும் பிறர் ஒதுக்கிய ஓர் உடலின் வண்டிக் கயிற்றைத் தொட்டார்கள், அது போதுமானதாயிற்று. தூய்மை செய்யும் ஆற்றல் நீரில் இருந்ததாகக் கதை சொன்னாலும், நீர்வரை அவனைக் கொண்டு சேர்த்த கைகளிலேயே அவ்வாற்றல் தொடங்கிவிடுகிறது.

இவ்விளக்கத்தை முழு மனத்துடன் ஏற்பதற்கு ஒரு தடை உண்டு. பசிப்பேய் போன்ற அவ்வுடலில் தொழுநோயாளியின் சாயல் இருப்பதை ஆய்வாளர்கள் நெடுங்காலமாகச் சுட்டி வந்துள்ளனர். தாமரைச் சூத்திரத்தின் 28-ஆம் இயல், அச்சூத்திரத்தை ஓதுவோரைப் பழிப்பவர்க்கு வெண்தொழுநோய் வரும் என எச்சரிப்பதால், நோயை முன்வினைப் பயனாகக் காண்பதற்குப் பௌத்த நூலிலேயே சான்று கிடைத்தது. ஒகுரி குணமடைந்தான், குணமடையாதவர்கள் என்ன ஆனார்கள் என்பதைக் கதை சொல்வதில்லை. நீருக்குள் ஏற்றுக்கொள்ளப்படுவதன் பயன் பழைய அழகு திரும்புவதே என்றால், அது திரும்பாதவர்க்கு அந்த நீரில் இடமிருக்கிறதா?

தொழுநோய் என்னும் பெயரை எடுக்காமலேயே இதற்கு வேர்வரை செல்லும் விடையொன்றைத் தந்தவர் ஸோட்டோ ஜென் மரபை நிறுவிய டோகென். உடல் கழுவும் முறையைப் பற்றி 1239-இல் அவர் அளித்த உரையில், நீர் இயல்பிலேயே தூயதும் அன்று, தூய்மையற்றதும் அன்று; உடலும் அவ்வாறே என்கிறார். அப்படியாயின் கழுவுவது வீண் அல்லவா என்ற எதிர்வாதத்தை அவர் ஏற்கவில்லை. கழுவுதல் அழுக்கை நீக்கும் கருவி மட்டுமன்று, அதுவே அறத்தின் வடிவம் என்பது அவர் நிலைப்பாடு. ஜென் மடங்களின் குளியலறைகளில் வைக்கப்படும் பத்திரபாலர் என்னும் போதிசத்துவரின் கதையும் இதையொட்டியதே. சூரங்கமச் சூத்திரத்தின்படி, துறவியருடன் குளிக்கச் சென்ற அவர், தாம் அழுக்கையும் கழுவவில்லை, உடலையும் கழுவவில்லை என்று நீரின் வழியே உணர்ந்து ஞானம் பெற்றார். இவ்வாறு நோக்கினால், எந்த வெந்நீரூற்றிலும் தொட்டிக்கு வெளியே உடலைத் தேய்த்துக் கழுவிய பின்னரே உள்ளே இறங்க வேண்டும் என்னும் இன்றைய விதி, வருபவரின் தீட்டை அஞ்சும் விதி அன்று. அதே நீரில் அடுத்து அமரப்போகும் முகமறியாதவருக்குக் காட்டும் மதிப்பு. அது எல்லாருக்கும் பொது என்பதில்தான் அதன் அறம் இருக்கிறது.

அந்தப் பொதுமை குலைந்தால் விளைவது என்ன என்பதற்கு ஜப்பானின் வேறு இரு மலை ஊற்றூர்கள் சான்றாகின்றன. குன்மா மாகாணத்தின் குசாட்சுவில், அமிலம் மிகுந்த நீரை நாடி வந்த தொழுநோயாளிகள் யுனோசாவா என்னும் குடியிருப்பில் தமக்கென ஒரு வாழ்வை அமைத்திருந்தனர். கட்டாயத் தனிமைப்படுத்தல் இறுகியபின் 1932-இல் குசாட்சுவிலேயே அரசு நோயாளர் இல்லம் ஒன்று நிறுவப்பட, யுனோசாவா 1940-களின் தொடக்கத்துக்குள் கலைக்கப்பட்டது. அவ்வில்லத்தில் 1938 முதல் 1947 வரை செயல்பட்ட தண்டனைச் சிறையில் அடைக்கப்பட்ட 93 பேரில் 23 பேர் இறந்தனர். நோயைக் குணப்படுத்தும் மருந்து வந்த பின்னரும், நோயாளரை ஒதுக்கும் சட்டம் 1996 வரை நீக்கப்படவில்லை. அரசின் கொள்கை அரசியலமைப்புக்கு முரணானது எனக் குமாமோட்டோ மாவட்ட நீதிமன்றம் 2001-இல் தீர்ப்பளித்தது. ஈராண்டு கழித்து, 2003 நவம்பரில், குமாமோட்டோ மாகாணத்தின் குரோகவா ஊற்றூரில் இருந்த விடுதி ஒன்று, எப்போதோ குணமடைந்துவிட்ட முன்னாள் நோயாளர்கள் தங்குவதற்கு, மற்ற விருந்தினருக்கு இடையூறாகும் என்று சொல்லி இடம் மறுத்தது.

அடுத்தவருக்கான மதிப்பு என்று குளியல் விதி எதைச் சொல்கிறதோ, அதே சொல் இங்கே அடுத்தவரை வெளியேற்றும் காரணமாக மாறிவிட்டது. விடுதியின் மன்னிப்பை அந்த முன்னாள் நோயாளர்கள் உடனே ஏற்காதபோது, அவர்களைப் பழிக்கும் கடிதங்களும் தொலைபேசி அழைப்புகளும் வந்து குவிந்தன. இரக்கத்துக்குரியவர்களாகப் பணிந்திருக்கும்வரை பொறுத்துக்கொண்ட பலர், அவர்கள் உரிமையுள்ளவர்களாகப் பேசியதைப் பொறுக்கவில்லை. ஒகுரியின் வண்டியை இழுத்தவர்களிடமும் இந்த எல்லை இருந்திருக்கக்கூடும். பேசாத உடலை இழுப்பது எளிது. குமாமோட்டோவின் அந்த முதியவர்கள் பேசினர். தங்களைக் குணமாக்கும்படியோ தூய்மையாக்கும்படியோ அவர்கள் யாரையும் வேண்டவில்லை. மற்றவர்களைப்போல் வெளியே உடலைக் கழுவிக்கொண்டு, மற்றவர்கள் இறங்கும் அதே நீரில் இறங்கவே அவர்கள் வந்திருந்தனர்.