நல்ல காலம் திரும்பிவிட்டது

கி.பி. 348 வாக்கில் ரோமப் பேரரசின் நாணயச் சாலைகள் ஒரு புது வெண்கலக் காசை அடிக்க ஆரம்பித்தன. ஒரு பக்கம் பேரரசரின் முகம். அதிகம் அடிக்கப்பட்ட வகையில், மறுபக்கம் ஒரு ரோம வீரன், குதிரையோடு சரிந்துகிடக்கும் எதிரியை ஈட்டியால் குத்துகிறான். சுற்றிலும் 'ஃபெல் டெம்ப் ரெபராட்டியோ' என்ற வாசகம். நல்ல காலம் திரும்பிவிட்டது என்று பொருள்.

அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அந்தக் காசு இளைத்துக்கொண்டே போனது. வீரன் இருந்தான், வாசகமும் இருந்தது. எடையும், கலந்திருந்த கொஞ்சநஞ்ச வெள்ளியும்தான் காணாமல் போயின. 294 வாக்கில் டயோக்ளீஷியன் அடித்த வெண்கலக் காசு ஏறக்குறைய பத்து கிராம். ஐந்தாம் நூற்றாண்டின் கடைசியில் ஒரு காசு ஒரு கிராம்கூட இல்லை.

இதற்கு நடுவில், 349இல் ஒரு சட்டம்: காசை உருக்கி வெள்ளியைப் பிரிப்பவனுக்கு மரண தண்டனை. படித்ததும் சிரிப்பு வந்தது. அரசு எடுத்தால் கொள்கை, உலைக்காரன் எடுத்தால் திருட்டா?

ஆனால் அந்தக் கேலி முழுக்க நியாயமில்லை. இதே காசுகள் இலங்கையிலும் புழங்கின. போதாதபோது அங்கேயே அவற்றைப் பார்த்து நகல் அடித்துக்கொண்டார்கள். ரோமப் பேரரசருக்கு அங்கே அதிகாரமே கிடையாது. ஆனாலும் காசு கைமாறியது. வாங்குபவர் ஏற்றுக்கொண்டால் போதும், அது காசுதான். நம்ம ரூபாய் நோட்டிலும் காகிதத்தைத் தாண்டி வேறென்ன இருக்கு? எடை குறைந்ததே பொய் என்றால், நம் பர்ஸில் இருப்பது அதைவிடப் பெரிய பொய்.

அப்படியானால் தவறு எங்கே? பக்கத்திலிருந்த தங்கக் காசைப் பார்த்த பிறகுதான் எனக்கு விளங்கியது. கான்ஸ்டன்டைன் கொண்டுவந்த சொலிடஸ், ஒரு ரோம பவுண்டுக்கு 72 காசு, சுமார் நாலரை கிராம். பல நூற்றாண்டுகள் அது பெரிதாகக் குறையவே இல்லை. அரசு காசாக வசூலித்த வரியும், படைவீரருக்கும் அதிகாரிகளுக்கும் வெகுமதியாகக் கொடுத்ததும் பெரும்பாலும் தங்கம். சந்தையில் ரொட்டி வாங்குபவன் கையில் இருந்தது வெண்கலம். ஆக, எடையைக் காப்பாற்ற அந்த அரசுக்குத் தெரிந்தே இருந்தது. ஒரு சாராருக்கு எடையைக் கொடுத்தது, இன்னொரு சாராருக்கு வாசகத்தை.

என் சம்பளத்தோடு கம்பெனிப் பங்குகளும் வருகின்றன. எங்கள் தளத்தைத் துடைக்கும் அக்காவுக்குப் போன ஆண்டு விழாவில் 'நாம் ஒரே குடும்பம்' என்று அச்சடித்த சான்றிதழ் கொடுத்தார்கள். நானும் எழுந்து நின்று கைதட்டினேன்.