சொல்லுமுன் ஒரு கணம்

நாவடக்கம் என்றதும் நம்மில் பலர் மௌனத்தையே நினைக்கின்றனர். முனிவர்க்குரிய வசன குப்தி அத்தகையதே. ஆனால் மக்கள், மருமக்கள், அண்டை வீட்டார், கடைக்காரர் என நாள்தோறும் பலரோடு பழகும் இல்லறத்தார்க்கு மௌனம் எப்போதும் இயல்வதன்று. எப்போதும் அறமாவதும் இல்லை. பேசியே தீரவேண்டிய நமக்கு ஆசாரியர்கள் காட்டிய நெறி யாது? அந்நெறி நம் வாழ்வின் உயர்வுக்கும் துணை செய்யுமா? இவ்விரு வினாக்களையும் இங்குச் சிந்திக்க விரும்புகிறேன்.

ஆசாரியர் உமாஸ்வாமி அருளிய தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம், வாய்மை விரதத்தைக் காக்கும் பாவனைகள் ஐந்தைக் கூறுகிறது. சினத்தை விடுதல், ஆசையை விடுதல், அச்சத்தை விடுதல், நகையாடலை விடுதல் என்பன நான்கு. ஐந்தாவது அனுவீசி பாஷணம். அதாவது ஆராய்ந்து பேசுதல். பொய் சொல்ல எண்ணாதவரும் சினத்தில் மிகைப்படுத்துவர், ஆசையில் மறைப்பர், அச்சத்தில் மழுப்புவர், பிறரைச் சிரிக்க வைக்கும் வேட்கையில் இல்லாததைக் கூட்டிச் சொல்வர். இந்நான்கும் சொல்லோடு கலந்து வெளியேறாமல் வாயிலில் நின்று பார்க்கும் காவலே ஐந்தாவது பாவனை.

ஆசிரியப் பயிற்சியின்போது எங்களுக்கு ஒரு முறையைக் கற்பித்தார்கள். வினாவை முதலில் வகுப்பு முழுமைக்கும் கேட்க வேண்டும். பின்னர்ச் சற்றுப் பொறுக்க வேண்டும். அதன் பிறகே ஒரு மாணவியின் பெயரைச் சொல்லி விடை கேட்க வேண்டும். அந்த இடைவெளி மாணவிகள் சிந்திப்பதற்கு என்றார்கள். அது ஆசிரியைக்கும் உரியது என்பதை நான் காலம் தாழ்த்தே உணர்ந்தேன்.

பணியில் சேர்ந்த சில ஆண்டுகளில், ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி செய்யுளில் ஒரு சொல்லைப் பிழைபட வாசித்தாள். திருத்தியிருந்தாற் போதும். நானோ அவள் சொன்னவாறே சொல்லிக் காட்டினேன். வகுப்பே சிரித்தது. அவள் பிழைபட வாசித்தது உண்மை. நான் கூறியதில் பொய் ஏதுமில்லை. எனினும் அவ்வாண்டு முடியும்வரை அவள் தானாக எழுந்து வாசிக்கவே இல்லை. நெடுங்காலம் கழித்து, இங்கே சாரத்தில், காய்கறிக் கடையொன்றில் நரைத்த தலையோடு அவளைக் கண்டேன். நலம் விசாரித்துக்கொண்ட பின், “டீச்சர், என் பேத்தி வாசிக்கையில் பிழை விட்டால் நாங்கள் யாரும் சிரிப்பதில்லை” என்றாள். குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை, பேத்தியைப் பற்றிய பேச்சினிடையே இயல்பாக வந்தது. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

பிறர்க்குத் துன்பம் விளைக்குமாயின் உண்மையையும் இல்லறத்தான் சொல்லலாகாது என்பது சமந்தபத்திராசாரியர் இரத்தின கரண்டக சிராவகாசாரத்தில் வகுத்த வரம்பு. வாய்மையும் கொல்லாமையின் காவலுக்கு உட்பட்டதே. அப்படியாயின் கசக்கும் உண்மையைக் கூறவே கூடாதா? பிழையைத் திருத்தாத ஆசிரியையும், மகனின் தவற்றைக் கண்டும் பேசாதிருக்கும் தாயும் அறம் செய்தவராவரோ? இவ்வையத்துக்கு நம் சமயத்தோடு தொடர்புடைய ஒரு வரலாறு விடை தருகிறது.

1880ஆம் ஆண்டு, இருபத்தைந்து வயதினரான உ. வே. சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்தார். அவ்வூருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைக் காணச் சென்று, தாம் கற்ற அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், கோவைகள் முதலியவற்றை வரிசையாகக் கூறினார். இவற்றால் பயன் என்ன என்னும் கருத்துப்படக் கேட்ட முதலியார், சீவக சிந்தாமணி போன்ற பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று வினவினார். இளம் புலவரின் உள்ளத்தில் அது தைத்திருக்கும். எனினும் அவர் சினக்கவில்லை. படித்ததாகப் பாவனை செய்யவுமில்லை. நூல் கிடைக்கவில்லை என்பதை ஒப்புக்கொண்டு, கிடைத்தால் படிக்கும் துணிவு உண்டு என்றார். முதலியார் அதோடு விடவில்லை. சிந்தாமணியின் பிரதியையும் அவருக்குக் கிடைக்கச் செய்தார்.

திருத்தக்கதேவர் இயற்றிய அக்காப்பியத்தில் சமணக் கொள்கைகள் வருமிடங்கள் ஐயருக்கு விளங்கவில்லை. அவர் கும்பகோணத்துச் சமணர் இல்லத்தை நாடினார். சந்திரநாத செட்டியாரின் வீட்டு வாயிலில் கோலமும் தோரணமும் கண்டு காரணம் கேட்டபோது, சிந்தாமணி வாசிப்பு அன்று நிறைவேறியது என்னும் செய்தி கிடைத்தது. கல்லூரி ஆசிரியர் என்னும் மிடுக்கை விடுத்து, நம்மவரிடம் வினவி வினவிக் கற்றார். அவரைப் ‘பவ்ய ஜீவன்’ என்று அவ்வட்டத்தார் சொல்லும் அளவுக்கு அவர் பேச்சில் பொருளும் பணிவும் இருந்தன. 1887இல் சிந்தாமணி அச்சேறியது. ஐயரின் பிற்காலப் புகழுக்கெல்லாம் அதுவே வாயிலாயிற்று.

முதலியாரின் சொல்லும் கசந்தது. என் சொல்லும் கசந்தது. வேறுபாடு எங்கே? அவர் சொல் கேட்டவருக்கு அடுத்த வழியைக் காட்டியது. என் சொல் அச்சிறுமிக்கு இருந்த வழியையும் அடைத்தது. உண்மையா என்று மட்டும் ஆராய்ந்தால் போதாது. இதைக் கேட்டபின் எதிரிலிருப்பவர் எழுந்து நடக்க இடமிருக்கிறதா என்றும் ஆராய வேண்டும். நான் விடாதது நகையாடல். அதை மறைத்தது ‘உண்மையைத்தானே சொன்னேன்’ என்னும் எண்ணம்.

இனி, உயர்வைப் பற்றி. ஆராய்ந்து பேசுவோரைப் பிறர் நம்புவர். நம்பிக்கை உள்ள இடத்தில் அறிவும் உதவியும் தாமே வந்து சேரும். ‘தெரியாது’ என்று சொல்லத் துணிந்தமையால்தான் ஐயருக்கு நூலும் ஆசிரியரும் கிடைத்தனர். ஆனால் ஊதியம் கருதியே இன்சொல் பேசுவது மாயை என்னும் கஷாயமாகும். அது நெடுநாள் மறைந்திராது. வெற்றி நற்சொல்லைத் தொடர்ந்து வரலாம். நற்சொல்லின் நோக்கம் அதுவாகலாகாது.

தசலட்சண பருவம் முடிந்து மன்னிப்பு வேண்டும் நாளில் அவள் இல்லத்திற்குச் சென்றேன். பழைய நிகழ்ச்சியைச் சொல்லிப் பொறுத்தருள வேண்டினேன். அவள் என் கைகளைப் பற்றிக்கொண்டு, பேத்தியை அழைத்து வாசிக்கச் சொன்னாள். குழந்தை ஓரிடத்தில் தடுமாறியது. நாங்கள் இருவரும் ஒன்றும் சொல்லாமல் பொறுத்திருந்தோம். அதுவே மீண்டும் பார்த்துத் திருத்திக்கொண்டது.

சாமாயிகத்தில் அமரும்போது அன்று பேசிய சொற்களில் ஒன்றையேனும் எடுத்து ஆராய்வோம். நாளை பேசுமுன் ஒரு கணம் பொறுப்போம். அறம் வாழ்க!